தென்காசியின் கொம்பு

2024 ஆகஸ்ட் 1 முதல் கூகுள் மேப்ஸ் தளத்துக்கு இந்தியாவில் தனி விலைப்பட்டியல் நடைமுறைக்கு வந்தது. பெரும்பாலான ஏபிஐகளுக்கு 70 விழுக்காடு வரை குறைப்பு. கட்டணத்தை ரூபாயிலேயே செலுத்தலாம். அந்த ஜூலைத் தொடக்கத்தில் ஓலா தன் வண்டிகளைச் சொந்த மேப்புக்கு மாற்றிவிட்டதாகவும், ஆண்டுக்கு 100 கோடி ரூபாய்ச் செலவு அதனால் இல்லாமல் போனதாகவும் அறிவித்தது. இரண்டு வாரத்துக்குள் இந்தக் குறைப்பு அறிவிக்கப்பட்டது. போட்டி வந்தால் விலை இறங்கும் என்பதைக் கண்ணாரப் பார்த்தோம்.

வாசகர்கள் பலர் ஒரே கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள்: கூகுள் மேப்ஸிலிருந்து வெளியேறும் வேலை பாதி வழியில் இருக்கிறது, அதை நிறுத்திவிடலாமா? நிறுத்த வேண்டாம் என்பதே இந்த இதழின் நிலைப்பாடு. விலை குறைந்ததை அனுபவியுங்கள், தவறில்லை. ஆனால் மேப்பை வரையும் அடுக்கும் ஜியோகோடிங் அடுக்கும் உங்கள் நிரலில் தனித்தனியாக இருக்கட்டும். எதையும் ஒரே நாளில் கழற்றி மாற்ற முடியவேண்டும். 2018 ஜூலையில் நடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். நாளொன்றுக்கு 25,000 முறை இலவசமாகத் திறந்த மேப், மாதத்துக்குச் சுமார் 28,000 முறை என்று சுருங்கியது. கார்டு எண் கொடுக்காதவர்களின் தளங்களில் மேப் கறுத்துப்போய், அதன்மேல் எச்சரிக்கை வாசகம் ஓடியது. விலையை இறக்கிய அதே கைதான் அன்று ஏற்றியது. திறமூலம் என்று நம்பிப் போனவர்களுக்கும் அடி விழுந்தது. 2020 டிசம்பரில் மேப்பாக்ஸ் தன் ஜிஎல் ஜேஎஸ் நூலகத்தின் இரண்டாம் பதிப்பைத் தனியுரிமை உரிமத்துக்குள் கொண்டுபோனது. முதல் பதிப்பிலிருந்து மேப்லிப்ரே என்ற திறமூலக் கிளை பிரிந்திராவிட்டால் நம்மில் பலருடைய உழைப்பு அங்கேயே நின்றிருக்கும்.

விலை பற்றிச் சொல்ல இவ்வளவுதான் இருக்கிறது. என்னை உறுத்துவது பெயர்.

கூகுளின் நிபந்தனைகளைப் படித்தவர்களுக்குத் தெரியும்: இட அடையாள எண்ணை எத்தனை நாளும் சேமிக்கலாம், அட்ச தீர்க்கரேகையை 30 நாள் வைத்திருக்கலாம், பெயரைச் சேமித்து வைக்கக் கூடாது. ஒரு கிராமத்தின் தமிழ்ப் பெயர் தப்பாக இருப்பதைப் பார்த்து அந்த ஊர்க்காரரே திருத்தி அனுப்பினாலும், திருத்திய பெயர் அந்தத் தளத்தின் தரவுக்குள் போய்விடுகிறது. நாளைக்கு நீங்கள் வெளியேறும்போது அதை எடுத்துவர முடியாது. ஆங்கில எழுத்துக்கூட்டலிலிருந்து தமிழ்ப் பெயரை மீட்டெடுக்கலாம் என்று நினைப்பவர்கள் வால்பாறையை முயன்று பார்க்கட்டும். வாலா வாளா வல்லா, பாறையா பரையா என்று எந்த நிரலாலும் சொல்ல முடியாது. பழனியின் ழகரமும் அப்படித்தான்.

சரி, வெளியேறுகிறோம். ஓபன்ஸ்ட்ரீட்மேப் தரவு, பிஎம்டைல்ஸ் கோப்பு ஒன்று, மேப்லிப்ரே. மாதக் கட்டணம் ஏறக்குறைய ஒன்றுமில்லை. ஸ்டைல் கோப்பில் தமிழ்ப் பெயர் இருந்தால் அதை எடு, இல்லாவிட்டால் பொதுப் பெயரை எடு என்று ஒரு வரி எழுதுகிறோம். திரையில் தென்காசி வருகிறது. தகரம் தனியே நிற்கிறது. அதற்கு இடப்பக்கம் வரவேண்டிய ஒற்றைக்கொம்பு னகரத்தோடு ஒட்டிக்கொண்டு நிற்கிறது. மதுரையில் ஐகாரக் கொம்பு ரகரத்தைத் தாண்டி வார்த்தையின் கடைசியில் தொங்குகிறது. பொள்ளாச்சி இன்னும் மோசம். ஒகரக் குறி எழுத்தின் இருபுறமும் பிரிந்து நிற்க வேண்டியது. அதைப் பிரித்து வைக்க அங்கே ஆளில்லை.

காரணம் நமக்குத் தெரிந்ததே. வெக்டர் டைலில் எழுத்துருக்கள் 256 குறியெண்களுக்கு ஒரு கோப்பாக வருகின்றன. தமிழ், 2816–3071 கோப்பில் இருக்கிறது. குறியெண்ணுக்கு ஒரு படம், சேமித்த வரிசையில் ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டு, அவ்வளவே. எழுத்தைக் கோத்துத் தரும் ஹார்ஃப்பஸ் போன்ற அடுக்கு நடுவில் இல்லை. மேப்னிக் வரைந்த ராஸ்டர் டைலில் தமிழ் சரியாக வந்தது. லீஃப்லெட்டின் பாப்அப்பில் சரியாக வருகிறது. ஓபன்லேயர்ஸ் உலாவியின் கேன்வாஸிடம் எழுதச் சொல்வதால் அங்கும் சரியாகவே வருகிறது. அதிவேகமானது, நவீனமானது என்று நாம் எல்லோரும் ஓடிப்போய்ச் சேர்ந்த இடத்தில் மட்டும் உடைகிறது. அரபிக்குத் தனிச் செருகுநிரல் இருக்கிறது. சீன, ஜப்பானிய எழுத்துகளை உலாவியின் சொந்த எழுத்துருவிலிருந்து வரைய வசதி இருக்கிறது. தமிழ் வரிசையில் நிற்கிறது. இத்தனை ஆண்டுகளாக நாமும் அதை ஆங்கில லேபிள் போட்டு மறைத்துக்கொண்டே வந்திருக்கிறோம். வெள்ளக் காலத்தில் படகோட்டி பார்க்கும் மேப்பிலும் ஆங்கிலம்தான்.

இதற்கு வழி நம் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. 2010 ஜூனில் தமிழக அரசு யூனிகோடோடு டேஸ்16 குறியேற்றத்தையும் தரமாக அறிவித்தது. அதில் ‘தெ’ ஒரே குறியெண், ‘பொ’ ஒரே குறியெண், ‘ன்’ ஒரே குறியெண். கோக்க எதுவுமே இல்லை. வரிசையாக அடுக்கினால் போதும். மேப்லிப்ரே எதிர்பார்ப்பதும் அதைத்தான். டைல் கட்டும் நேரத்தில் தமிழ்ப் பெயரை டேஸ்16க்கு மாற்றித் தனிப் புலத்தில் வையுங்கள். டேஸ்16 எழுத்துருவிலிருந்து 57600 முதல் 58367 வரைக்குமான மூன்று கிளிஃப் கோப்புகளை உருவாக்குங்கள். அந்தப் புலம் வரைவதற்கு மட்டும். தேடலுக்கும் பாப்அப்புக்கும் யூனிகோடு புலமே இருக்கட்டும். எழுத்துருக்களைத் தமிழ் இணையக் கல்விக்கழகம் இலவசமாகவே தருகிறது. யூனிகோடு வந்தபின் டேஸ்16 எதற்கு என்று வாதிட்டவர்களில் நானும் ஒருவன். இந்த ஒரு வேலைக்கு அதைவிடப் பொருத்தமானது வேறில்லை என்று இப்போது சொல்கிறேன்.

எழுத்து உடையாமல் வந்துவிடும். ஆனால் எழுதவேண்டிய பெயர் எங்கே? ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் தமிழ்ப் பெயர்ப் புலம் காலியாக உள்ள சிற்றூர்களை நிரப்ப அதிகாரப்பூர்வமான பட்டியல் வேண்டும். ஓர் அலுவலகத்துக்கு நான் மூன்று முறை எழுதினேன். கடைசியில் ஒரு பிடிஎஃப் வந்தது. அது பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்து, அச்செடுத்து, ஸ்கேன் செய்தது. அந்த அலுவலகத்தின் கணினியில் பெயர்கள் வரிவரியாக இருக்கின்றன என்பது எனக்குத் தெரியும். தட்டச்சு செய்தவரே சொன்னார்.

2020இல் 1,018 ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப மாற்றி ஓர் அரசாணை வெளியானது. கோயம்புத்தூரின் புதிய ஆங்கில வடிவத்தைப் பார்த்து ஊரே பேசியது. சில நாளில் ஆணை திரும்பப் பெறப்பட்டது. அந்தப் பட்டியலுக்காக ஒவ்வொரு மாவட்டத்திலும் கூட்டம் போட்டுப் பெயர்களைச் சேகரித்தார்களே, அந்த உழைப்பில் பாதியை ஆங்கிலத்துக்குச் செலவிடாமல் தமிழ்ப் பெயர்களைக் கணினி படிக்கும் வடிவில் வெளியிடுவதற்குச் செலவிட்டிருந்தால் இந்தப் பக்கத்தை நான் எழுதவேண்டி இருந்திருக்காது. 2021 பிப்ரவரி 15இல் மத்திய அரசு வெளியிட்ட புவியிடத் தரவு வழிகாட்டுதல்கள், பொதுப் பணத்தில் உருவான தரவு எளிதில் கிடைக்கவேண்டும் என்கின்றன. ஊர்ப்பெயரைவிடப் பொதுவான சொத்து எது? அதில் என்ன பாதுகாப்பு ரகசியம்? தன் மக்களின் ஊர்ப்பெயரை ஸ்கேன் செய்த தாளாக மாற்றிக் கொடுப்பதை அலட்சியம் என்றுகூட நான் சொல்லமாட்டேன்; அது மறுப்பு.

வேண்டியவை மூன்றே புலங்கள்: கிராமத்தின் நிர்வாகக் குறியீட்டெண், யூனிகோடில் தமிழ்ப் பெயர், மையப்புள்ளியின் ஆயத்தொலை. சிஎஸ்வி கோப்பாக, யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்ற உரிமத்தோடு. இந்தக் கோரிக்கையை இதழின் பெயரில் இந்த வாரமே அரசுக்கு அனுப்புகிறோம். தங்கள் வட்டத்தின் பெயர்ப் பட்டியலை ஏற்கெனவே கையால் தட்டி வைத்திருக்கும் வாசகர்கள் எங்களுக்கு அனுப்பிவையுங்கள். ஸ்கேன் தாளை வரிவரியாகத் தட்டும் வேலையை நான் என் வட்டத்திலிருந்து தொடங்கிவிட்டேன்.