வெயிலுக்கும் ஆடிட் வேண்டும்

‘நம்ம நாட்டுல வெயிலுக்கா பஞ்சம்? வருஷத்துல 300 நாள் சுள்ளுன்னு அடிக்குதே!’

சோலார் பேனல் பற்றி யார் பேச ஆரம்பித்தாலும் இந்த வசனம் வந்து விழும். மன்னிக்கவும், இதற்குப் பெயர் கணக்கு இல்லை. பி.காம். படித்த எனக்கு உடனே கேட்கத் தோன்றும்: எந்த ஊரில்? எந்த மாதம்? எவ்வளவு? யார் அளந்தது?

அளந்தவர்கள் இருக்கிறார்கள். வானிலைத் துறையின் அன்னா மணி பல வருஷம் பாடுபட்டு, இந்தியாவின் சூரியக் கதிர்வீச்சு பற்றி 1980-லும் 1982-லும் புத்தகங்கள் கொண்டுவந்தார். ஆனால் இத்தனை பெரிய தேசத்துக்குக் கருவிகள் கொஞ்சம்தான். மீதி இடத்துக்கு சாட்டிலைட்தான் கதி. 2010-ல் பத்து கிலோமீட்டர் கட்டங்களாக நாட்டின் வெயில் வரைபடம் தயாரானது. நம் அமைச்சகத்தோடு சேர்ந்து போட்டுக் கொடுத்தது அமெரிக்காவின் என்.ஆர்.இ.எல். ஆய்வுக்கூடம். படம் எடுத்தது ஐரோப்பாவின் மீட்டியோசாட்.

ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். தரையில் விழும் வெயிலை சாட்டிலைட் நேராக அளப்பதில்லை. அது மேகத்தைப் பார்க்கிறது. வானம் தெளிவாக இருந்தால் இவ்வளவு வரும், மேகம் மறைத்தது இவ்வளவு, மீதி இவ்வளவு. கழித்தல் கணக்குதான். டெல்லியின் புகைமூட்டமும் ராஜஸ்தானின் வெளுத்த மணலும் இந்தக் கணக்கைக் குழப்பிவிடும்.

சாட்டிலைட் தருவது லெட்ஜர். தரையில் இருக்கும் கருவி தருவது வவுச்சர். வவுச்சர் இல்லாத லெட்ஜரில் எந்த ஆடிட்டர் கையெழுத்துப் போடுவார்?

நாம் என்ன செய்தோம்? 2010 ஜனவரியில் தேசிய சோலார் திட்டம் தொடங்கி, 20,000 மெகாவாட் இலக்கு அறிவித்தோம். சோலார் மின்சாரத்துக்கென்றே 51 தரை அளவீட்டு நிலையங்களை அமைத்தது 2011-ல். முதலில் பட்ஜெட், பிறகு வவுச்சர்! அந்த அளவீடுகளை வைத்துத் திருத்திய அட்லஸ் 2015-ல்தான் வந்தது.

நமக்கென்ன என்கிறீர்களா? 2024-ல் மத்திய அரசு ஒரு கோடி வீட்டு மாடிகளில் சோலார் என்று திட்டம் போட்டது. மானியம் 78,000 ரூபாய் வரை. மீதிப் பணம் உங்களுடையது. தினம் 12 யூனிட் வரும் என்று நம்பிக் கடன் வாங்குகிறீர்கள். பத்து சதவீதம் குறைந்தால் வருஷத்துக்கு 438 யூனிட் துண்டு விழும். தவணை மட்டும் குறையாது.

ராக்கெட் கிளம்பினால் டி.வி.யில் நேரலை. கதிர்வீச்சுக் கருவியின் கண்ணாடி மூடியில் தூசி துடைக்கிறவரை யாருக்குத் தெரியும்? அவர் ஒரு வாரம் வராவிட்டால் லெட்ஜர் பொய் சொல்லும். அவருக்கும் கருவிக்கும் ஆகும் செலவை வெட்டுவது, ஆடிட்டர் சம்பளத்தை மிச்சம் பிடிப்பது மாதிரி.

அடுத்த முறை கலர் கலராக வெயில் வரைபடம் காட்டிப் பேனல் விற்க வந்தால், ஒரே கேள்வி கேளுங்கள்: ‘இதுல தப்பு எத்தனை பர்சென்ட், சார்?’