பிழை ஆரில?

இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு மழை மாலை. வெள்ளவத்தையில் காலி வீதியின் கடற்பக்க நடைபாதையில் நின்று முருங்கைக்காய்க்கு விலை கேட்டுக்கொண்டிருந்தேன். எதிர்ப்பக்கத்தில் படாரென்று ஒரு சத்தம். தெஹிவளைப் பக்கமாகப் போன ஓட்டோ ஒன்று இடப்பக்க ஒழுங்கைக்குள் திரும்பும்போது, பஸ்ஸுக்கும் நடைபாதைக்கும் இடையால் நுழைந்து வந்த மோட்டார் சைக்கிள் முட்டி விழுந்து கிடந்தது. பெடியனுக்கு முழங்கையில் காயம். ஓட்டோவின் இடப்பக்கத் தகடு நசுங்கியிருந்தது. அவ்வளவுதான்.

ஐந்து நிமிடத்துக்குள் முப்பது பேர் கூடிவிட்டார்கள். பெடியனுக்குத் தண்ணீர் கொடுக்க முதலே "பிழை ஆரில?" என்ற விசாரணை தொடங்கிவிட்டது. பொலிஸ்காரர் வந்ததும் மூன்று பேர் சாட்சி சொன்னோம். ஒழுங்கை முகப்பில் தம்பிலி விற்பவர், மோட்டார் சைக்கிள் பறந்து வந்தது என்றார். பஸ் தரிப்பில் நின்ற அன்ரி ஒருவர், ஓட்டோ அசையாமல் நின்றது, பெடியன்தான் கொண்டுபோய் விட்டான் என்றார். நான், ஓட்டோ சிக்னல் போடவில்லை, மோட்டார் சைக்கிளுக்கு ஹெட்லைட்டும் எரியவில்லை என்றேன். எழுதிக்கொண்டிருந்தவர் பேனையை நிறுத்தி, தனக்குத் தெரிந்த தமிழில் கேட்டார்: "மூண்டு பேர், மூண்டு கதை. இதில ஆர் பொய்?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அன்ரி என்னை முறைத்தார்.

அந்தப் பொலிஸ்காரரைக் குறை சொல்ல நான் எழுதவில்லை. அவர் கேட்டது ஊரே கேட்கிற கேள்வி. சாட்சிகள் முரண்பட்டால் யாரோ ஒருவர் பொய் சொல்கிறார். எல்லோரும் ஒன்றையே சொன்னால் அது உண்மை. கொட்டாஞ்சேனைச் சந்தியிலும் இதுதான் சட்டம், கல்யாண வீட்டுப் பந்தியிலும் இதுதான் சட்டம். இந்த நம்பிக்கை முழுப் பிழை. வீதி விபத்து விஷயத்தில் ஆபத்தான பிழையும்கூட.

மறுநாள் மூலைக் கடை முதலாளி தன் கமராப் பதிவைக் காட்டினார். ஓட்டோ சிக்னல் போட்டிருந்தது. ஆனால் திரும்பத் தொடங்கிய அதே கணத்தில்தான் போட்டது. ஒழுங்கை வாயிலில் ஒருவர் குறுக்கே நடந்ததால் ஒரு நொடி நின்றும் இருக்கிறது. ஆக, அன்ரி கண்டது சரி. மோட்டார் சைக்கிள் அப்படியொன்றும் பறக்கவில்லை, ஆனால் நெரிசலில் நின்ற பஸ்ஸுக்குப் பக்கத்தால் வரும் எதுவும் பறப்பதுபோலத்தான் தெரியும். தம்பிலிக்காரரும் பொய் சொல்லவில்லை. ஹெட்லைட்? பளிச்சென்று எரிந்துகொண்டு வந்தது.

நான் பொய் சொன்னேனா? இல்லை. முருங்கைக்காயைப் பார்த்துக்கொண்டிருந்த நான் சத்தம் கேட்டுத்தான் திரும்பினேன். நான் பார்த்தது, விழுந்து கண்ணாடி உடைந்து விளக்கணைந்து கிடந்த மோட்டார் சைக்கிளை. அந்த அணைந்த விளக்கை என் மூளை எடுத்து, மோதலுக்கு முந்திய நொடிகளில் ஒட்டிவிட்டது. நான் கேட்டு அது செய்யவில்லை. செய்ததை எனக்குச் சொல்லவும் இல்லை. வீதியோரச் சாட்சிகளில் பெரும்பாலானவர்கள் என்னைப் போன்றவர்கள்தான். பஸ் இலக்கத்தையும் போனையும் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சத்தத்துக்குத் திரும்புகிறவர்கள். பிழை எதுவானாலும் அது அந்தச் சத்தத்துக்கு இரண்டு மூன்று நொடி முன்னரே நடந்து முடிந்திருக்கும்.

இதை ஆய்வுகூடத்திலும் காட்டியிருக்கிறார்கள். 1974 இல் எலிசபெத் லொப்டஸும் ஜோன் பாமரும் அமெரிக்க மாணவர்களுக்கு கார் விபத்துப் படங்களைப் போட்டுக்காட்டி வேகத்தைக் கேட்டார்கள். கேள்வியில் வினைச்சொல்லை மட்டும் மாற்றினார்கள். கார்கள் "நொறுங்க மோதியபோது" என்ன வேகம் என்று கேட்கப்பட்டவர்கள் சராசரியாக மணிக்கு 40.5 மைல் என்றார்கள். "தொட்டபோது" என்று கேட்கப்பட்டவர்கள் 31.8 என்றார்கள். படம் ஒன்றேதான். இன்னொரு பரிசோதனையில் ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடியைக் கண்டீர்களா என்று கேட்டார்கள். "நொறுங்க" என்ற சொல்லைக் கேட்டிருந்த 50 பேரில் 16 பேர் கண்டதாகச் சொன்னார்கள். சாதாரணச் சொல்லோடு கேட்கப்பட்ட 50 பேரில் அப்படிச் சொன்னவர்கள் 7 பேர். படத்தில் உடைந்த கண்ணாடியே இல்லை.

எங்களுக்கு இந்த வினைச்சொற்களில் பஞ்சமே இல்லை. தட்டினது, முட்டினது, இடிச்சது, மோதினது, அடிச்சது, அடிச்சுத் தூக்கினது. பொலிஸ்காரரோ காப்புறுதி ஆளோ "எப்படி அடிச்சவன்?" என்று கேட்ட கணமே விடையில் பாதி எழுதப்பட்டுவிடுகிறது. கொழும்பில் இதற்கு மேல் இன்னொரு மாடி உண்டு. நாங்கள் தமிழில் சொல்வது பெரும்பாலும் சிங்களத்தில் பதியப்படுகிறது. சிங்களத்தில், தெரிந்து செய்வதற்கும் தானாக நேர்வதற்கும் வினைச்சொல்லே வேறு. "ஹெப்புவா" என்றால் கொண்டுபோய் மோதவைத்தான். "ஹெப்புணா" என்றால் மோதுப்பட்டது. ஓரெழுத்துத்தான் வித்தியாசம். தமிழில் நான் "முட்டினது" என்று சொன்னதை எழுதுகிறவர் இரண்டில் எதைத் தேர்ந்தார் என்று எனக்குத் தெரியாது. கீழே கையெழுத்து மட்டும் என்னுடையது.

1979 ஆம் ஆண்டின் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை, வாக்குமூலத்தை வாசித்துக்காட்டி, விளங்காவிட்டால் விளங்கும் மொழியில் சொல்லி, திருத்தமிருந்தால் செய்து, பிறகுதான் கையெழுத்து வாங்கவேண்டும் என்கிறது. மேசையில் நடப்பது என்னவென்று வெள்ளவத்தையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்: "இதில வையுங்கோ." மாதங்கள் கழித்து நீதிமன்றத்தில் முதலியார் மொழிபெயர்க்க, சாட்சி தன் கதையைத் தமிழில் சொல்லும்போது, பழைய வாக்குமூலத்தோடு ஒத்துவராத இடமெல்லாம் வி 1, வி 2 என்று முரண்பாடாகக் குறிக்கப்படும். அதில் எத்தனை சாட்சியின் முரண்பாடு, எத்தனை பேனையின் முரண்பாடு?

இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. 2007 ஜூன் 7 அன்று கொழும்பு லொட்ஜுகளில் தங்கியிருந்த நூற்றுக்கணக்கான தமிழரைப் பொலிஸார் பஸ்களில் ஏற்றி நகரத்தைவிட்டு அனுப்பினார்கள். உச்ச நீதிமன்றம் மறுநாள் தடுத்தது. ஆனாலும் அந்தக் காலத்தைக் கண்டவர்கள் பொலிஸ் புத்தகத்தில் தங்கள் பெயர் ஏறுவதை இன்றைக்கும் விரும்புவதில்லை. எதிலும் சம்பந்தமில்லாத, நன்றாகப் பார்த்த மனிதர்தான் முதலில் நழுவுவார். மிஞ்சுவது யார்? ஓட்டோக்காரரின் தரிப்பிடத் தோழர்கள், பெடியனின் மச்சான், பஸ்ஸின் கொண்டக்டர். இவர்கள் முரண்படவே மாட்டார்கள். ஒரே வேகம், ஒரே சிக்னல், ஒரே வசனம். ஊர் நம்பிக்கையின்படி இதுதான் உண்மை!

பொய்ச் சாட்சியே இல்லை என்று நான் சொல்லவரவில்லை. தாராளமாக இருக்கிறது. ஆனால் பொய்யைச் சோடிக்கிறவர்கள் முதலில் ஒட்டிச் சரிபார்ப்பது முரண்பாடுகளைத்தான். தனித்தனியாகப் பார்த்தவர்களின் கதைகளிலோ ஓரங்கள் கிழிந்துதான் இருக்கும். நிறம், நேரம், வேகம், தூரம் ஆகியவற்றில் வேறுபட்டு, வாகனம் எந்தப் பக்கத்தால் வந்தது என்பதில் ஒன்றுபட்டால் அது நல்ல சாட்சியம். எந்தப் பக்கத்தால் என்பதிலேயே வேறுபட்டால்தான் கவலைப்பட வேண்டும்.

சட்டம் இதை ஊரைவிட நன்றாக அறிந்திருக்கிறது. 1895 ஆம் ஆண்டின் சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 134 ஆம் பிரிவு, எந்த விடயத்தை நிரூபிக்கவும் இத்தனை சாட்சிகள் வேண்டும் என்று கணக்கில்லை என்கிறது. நாலு பேர் சொன்னால் சரி என்பதற்கு அங்கே இடமில்லை. 1983 இல் குஜராத்திலிருந்து வந்த வழக்கொன்றில் இந்திய உச்ச நீதிமன்றம், சாட்சியின் நினைவு புகைப்படம் அல்ல, சின்னச் சின்ன முரண்பாடுகளுக்காக முழுச் சாட்சியத்தையும் எறியக்கூடாது என்றது. எங்கள் மேல்முறையீட்டு நீதிமன்றங்களும் அந்தத் தீர்ப்பை அடிக்கடி எடுத்துக்காட்டுகின்றன.

ஒரே கதைக்கு மயங்குவதன் விலை பெரிதாகவும் இருக்கலாம். 2012 மே 17 அன்று நாரஹேன்பிட்டவில், எரிந்த காருக்குள் றக்பி வீரர் வசீம் தாஜுதீன் இறந்து கிடந்தார். விபத்து என்ற கதை மூன்று வருடம் நின்றது. 2015 ஓகஸ்டில் உடலைத் தோண்டியெடுத்து மறுபடி பரிசோதித்தார்கள். 2016 பெப்ரவரியில் நீதிமன்றம் அது கொலை என்று தீர்மானித்தது.

அப்படியானால் ஆரைக் கேட்பது? ஆளைக் கேட்க முதல், விபத்து விட்டுச்சென்ற பொருட்களைக் கேட்கவேண்டும் என்கிறேன். காய்ந்த தாரில் நாலு சில்லும் பூட்டி வழுக்கிய தடம் பத்து மீற்றர் நீண்டிருந்தால், பிரேக் பிடிக்கும்போது வேகம் மணிக்கு ஏறத்தாழ 40 கிலோமீற்றர். நனைந்த தாரென்றால் 30 சொச்சம். இதற்கு ஓர் அளவுநாடா போதும். முதலில் பட்டது ஓட்டோவின் முன் மூலையா நடுப் பக்கமா என்பதை நசுங்கிய இடம் சொல்லும். உடைந்த கண்ணாடித் தூளும் சேறும் கொட்டிய இடம் மோதல் நடந்த இடத்துக்குக் கிட்டத்தான் இருக்கும். கடைக் கமராவின் மணிக்கூடு பிழையாக ஓடலாம், ஆனால் சிக்னல் முதலா திருப்பம் முதலா என்பதை அது காட்டிவிடும். பழைய பதிவின் மேல் புதியது ஏறிவிடும் என்பதால் அன்றைக்கே போய்க் கேட்கவேண்டும். நாங்கள் செய்வதோ, சாட்சிகளை மோதவிட்டு, "றோட்டை மறிக்காதேங்கோ" என்று வாகனங்களைத் தள்ளி, கண்ணாடியைக் கூட்டி ஒதுக்கி, போனில் ஒரு படம்கூட எடுக்காமல், ஆர் பொய் என்று கேட்பது.

இந்தக் கேள்விக்கு அடியில் இன்னொரு மூடநம்பிக்கை ஒளிந்திருக்கிறது. பிழை முழுதாக ஒருவரிடம்தான் இருக்கமுடியும் என்பது அது. ஒருவர் பிழை என்றால் மற்றவர் சுத்தம். அப்படியானால் இரண்டு கதையில் ஒன்று பொய். ஒருகாலத்தில் சட்டமும் இப்படித்தான் தடுமாறியது. 1842 இல் இங்கிலாந்தில் ஒருவர் தன் கழுதையின் முன்னங்கால்களைக் கட்டி வீதியில் மேயவிட்டார். குதிரைவண்டி ஒன்று வேகமாக வந்து அதைக் கொன்றது. கழுதைக்காரரிலும் பிழை, வண்டிக்காரரிலும் பிழை. பிழையைப் பங்கிடத் தெரியாத நீதிமன்றம், தவிர்க்கும் கடைசிச் சந்தர்ப்பம் யாரிடம் இருந்தது என்று பார்த்து வண்டிக்காரரின் தலையில் முழுவதையும் கட்டியது. எங்கள் நாட்டில் 1968 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டம் வந்து, இரு பக்கத்துக் கவனயீனத்தையும் நிறுத்து நட்டஈட்டைப் பங்கிட வழிசெய்தது. அரை நூற்றாண்டு தாண்டிவிட்டது. வெள்ளவத்தைச் சந்தியில் நாங்கள் இன்னும் கழுதையோடுதான் நிற்கிறோம்.

அந்த மழை மாலை விவகாரம் வழக்காகவில்லை. பதிவைப் பார்த்த பிறகு ஓட்டோக்காரரும் பெடியனின் தகப்பனும் கதைத்து, செலவைப் பகிர்ந்துகொண்டார்கள். அன்ரியைப் பிறகொரு நாள் பஸ்ஸில் கண்டேன். என் பக்கத்து இருக்கை காலியாக இருந்தும் வந்து உட்காரவில்லை. பதிவை நான் மூன்று தடவை பார்த்திருக்கிறேன். இருந்தும் இன்றைக்குக் கண்ணை மூடினால், அந்த மோட்டார் சைக்கிள் விளக்கு எரியாமல்தான் வருகிறது.