கவசமும் நெஞ்சுறுதியும்

விண்வெளியில் நடப்போர் அணியும் தலைக்கவசம் வியத்தற்குரியது. அதன்கண் படக்கருவியும் விளக்குகளும் பொருந்தியுள்ளன. கதிரவன் ஒளி கடுமையாகத் தாக்குங்கால், பொன்பூச்சு அமைந்த திரையை முகத்தின்மேல் இறக்கிக்கொள்வர். இருளில் அதனை உயர்த்துவர். எனினும், கருவி ஒன்றே காவல் என எண்ணுதல் பிழையாகும்.

2013ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 16ஆம் நாள், இத்தாலிய வீரர் லூக்கா பர்மித்தானோ பன்னாட்டு விண்வெளி நிலையத்திற்கு வெளியே பணிபுரிந்தார். அப்போது கவசத்தினுள் நீர் கசிந்து கண்ணையும் மூக்கையும் மூடியது. காக்கவேண்டிய கவசமே உயிருக்கு உலைவைக்க முனைந்தது! அவரோ பதறினாரல்லர். தம்மை நிலையத்தோடு பிணைத்திருந்த வடத்தின் இழுப்பை உணர்ந்து, அதன்வழியே மீண்டார். பின்னர்க் கவசங்களில் நீருறிஞ்சும் அணையும் மூச்சுக்குழலும் சேர்க்கப்பட்டன.

கருவியின் குறையைக் கருவியால் திருத்தலாம். ஆனால், அது கைவிடும் அந்நொடியில் காப்பது கலங்காத நெஞ்சமே. அதனைப் பயிலுதல் இளமையிலேயே தொடங்கத்தக்கது.