காய்ச்சல் போனது, இதயம் ஆறியதா?

காய்ச்சல் விட்டுவிட்டது. பசி எடுக்கிறது. "நாளைக்கு வேலைக்குப் போகிறேன்" என்கிறான் வாலிபன். வீட்டாரும் சரி என்று தலையை ஆட்டுகிறார்கள்.

இங்கேதான் ஆபத்து இருக்கிறது!

தசையில் வீக்கம்

இதயம் என்பது ஓயாமல் உழைக்கும் ஒரு தசை. சில கிருமிகள் காய்ச்சலோடு நிற்பதில்லை. அந்தத் தசையையும் தாக்கி வீங்க வைக்கின்றன. பெரும்பாலும் வைரஸ் கிருமிகளே இதற்குக் காரணம். டெங்கு, உண்ணிக் காய்ச்சல், தொண்டை அடைப்பான் நோய்களிலும் இது வருவது உண்டு. நெஞ்சு வலி, மூச்சு வாங்குதல், படபடப்பு ஆகியவை இதன் அறிகுறிகள்.

பலருக்கு இது குணமாகி விடுகிறது. ஆனால் உடம்பு தேறும் வேகத்தில் இதயம் தேறுவதில்லை. வீக்கம் வற்றும் முன் மூட்டை தூக்கினாலும், கபடி ஆடினாலும் துடிப்பு தாறுமாறாகலாம். உயிருக்கே ஆபத்து நேரலாம்.

வெட்டாமல் பார்க்கலாம்

இதயம் ஆறியதா என்பதைக் கண்ணால் பார்க்க வழி இருக்கிறது.

1953-ல் சுவீடன் நாட்டில் டாக்டர் எட்லரும், விஞ்ஞானி ஹெர்ட்சும் காதுக்குக் கேட்காத ஒலியை நெஞ்சுக்குள் அனுப்பினார்கள். திரும்பி வந்த எதிரொலியைக் கொண்டு இதயத்தின் அசைவைப் பதிவு செய்தார்கள். அதன் வளர்ச்சிதான் இன்றைய எக்கோ.

இதயத்தின் இடது கீழ் அறையில் 100 பங்கு ரத்தம் இருந்தால், ஒரு துடிப்பில் ஏறத்தாழ 55 பங்குக்கு மேல் வெளியே தள்ள வேண்டும். அந்த எண் குறைந்திருக்கிறதா, மறுபடி ஏறுகிறதா என்பதை எக்கோ காட்டும்.

எம்.ஆர்.ஐ. ஸ்கான் இன்னும் ஒரு படி மேலே போகிறது. காந்த சக்தியால் எடுக்கும் படம் இது. தசையில் வீக்கம் இருக்கிறதா, தழும்பு விழுந்திருக்கிறதா என்றும் சொல்லும். எக்கோவில் எல்லாம் சரியாகத் தெரிந்தும் உள்ளே தழும்பு இருப்பது உண்டு.

ஓடும் வீரரும் உட்கார்ந்தார்

கனடா நாட்டுக் கால்பந்து வீரர் அல்போன்சோ டேவிஸ் மின்னலாக ஓடுபவர். கொரோனாவுக்குப் பின், 2022 ஜனவரியில் அவருக்கு லேசான இதயத் தசை வீக்கம் இருப்பது தெரிந்தது. லேசானதுதான். ஆனாலும் ஆட்டத்தை நிறுத்தினார். ஏப்ரலில்தான் மைதானத்துக்குத் திரும்பினார்.

கோடிக்கணக்கில் சம்பாதிக்கும் வீரரே காத்திருந்தார். நம் பிள்ளைகள் காத்திருக்கக் கூடாதா?

இரண்டு வரி போதும்

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவே உள்ளது வன்னியம்பட்டி. அங்கிருந்து மதுரை ஏறத்தாழ 80 கிலோ மீட்டர். ஒரு நாள் ஸ்கானுக்குப் போனால் பஸ் செலவு; அன்றைய கூலியும் போய்விடும். "நன்றாகத்தானே இருக்கிறான்" என்று வீட்டில் தள்ளிப் போடுவதில் வியப்பில்லை. ஆனால் அது தவறான சிக்கனம்!

ஆஸ்பத்திரிகளுக்கும் ஒரு கடமை உண்டு. வீட்டுக்கு அனுப்பும்போது தரும் சீட்டில் தமிழில் இரண்டு வரி எழுத வேண்டும். அடுத்த ஸ்கான் எந்தத் தேதியில்? அதுவரை எந்த வேலை செய்யக் கூடாது? எழுத்துக் கூட்டிப் படிக்கும் தாயும் அதைப் படித்து மகனைத் தடுப்பாள்.

கடினமான உழைப்பையும் விளையாட்டையும் பொதுவாக 3 முதல் 6 மாதம் வரை நிறுத்தி வைக்கச் சொல்வது டாக்டர்களின் வழக்கம். பிறகு எக்கோ, ஈ.சி.ஜி. போன்ற சோதனைகளைப் பார்த்து அனுமதி தருவார்கள். வேலைக்குப் போகும் நாளை டாக்டர் குறிக்கட்டும். வாலிபனின் அவசரம் குறிக்க வேண்டாம்.

மூட்டை காத்திருக்கும். கபடியும் காத்திருக்கும். போன உயிர் திரும்புமா?