டென்ஷனாம், டென்ஷன்!

மும்பை அணுசக்தி நகர் குவார்ட்டர்ஸ் அம்மாமார்களுக்கு ஜாக்கெட் தைத்துப் பிழைக்கிறவள் நான். ஊசியில் நூல் கோக்க முடியாமல் கை வெடவெடத்தது. உட்கார்ந்த இடத்திலேயே நெஞ்சு படபடத்தது. டாக்டரிடம் ஓடினேன். "மௌசி, டென்ஷன் நஹி லேனே கா" என்றார். ரிப்போர்ட்டிலிருந்து தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

டென்ஷனா எனக்கு? வாராவாரம் வயிற்றில் இன்டர்ஃபெரான் ஊசி, காலையும் ராத்திரியும் ரிபாவிரின். ஊசிக்குப் பணம் கட்டியே தாலிக்கொடி சேட்டுக் கடைக்குப் போனது. ஊசி மருந்தைக் குளிரில் வைக்க வேண்டுமே, பக்கத்து வீட்டு ஃபிரிட்ஜில் முட்டைத் தட்டுக்கு அடியில் ஒளித்து வைத்தேன். என்ன ஊசி என்று கேட்டால் எந்த வாயால் ஹெபடைட்டிஸ் சி என்பது? 1990-களில் பிரசவத்தின்போது ஏற்றிய ரத்தத்தில் வந்தது என்கிறார்கள். அன்றைக்கு ரத்த வங்கிகளில் அந்தக் கிருமிக்குச் சோதனை கட்டாயமில்லை. ஊர் வாய்க்கு இதெல்லாம் புரியுமா?

சில மாசத்தில் நடுக்கம் நின்றது. அப்பாடா என்று மூச்சு விடுவதற்குள் எல்லாம் தலைகீழானது. முகம் உப்பி, குரல் கரகரத்து, முடி கொத்துக் கொத்தாகக் கையோடு வந்தது. மே மாசத்து மும்பையில் ஃபேனை நிறுத்திப் போர்வை தேடினேன். "ஊசியின் சைடு எஃபெக்ட், போகப் போகச் சரியாகிவிடும்." ஊசி முடிந்தது, சரியாகவில்லை. அப்புறம் மனசு என்றார்கள், அதற்கும் மாத்திரை எழுதினார்கள். மாமியாருக்கோ அது வெறும் சோம்பேறித்தனம். வேறொரு டாக்டரம்மாதான் கடைசியில் என் கழுத்தைத் தொட்டுப் பார்த்து டிஎஸ்எச் என்ற தைராய்டு சோதனையை எழுதிக்கொடுத்தார். ஐந்துக்குள் இருக்க வேண்டியது நூறைத் தாண்டியிருந்தது.

இன்டர்ஃபெரான் உடம்பின் எதிர்ப்புச் சக்தியைக் கிளப்பிவிடும் மருந்தாம். கிருமியை அடிக்கப் போனது, சிலருக்குத் தைராய்டையும் சேர்த்து அடித்துவிடும். சுரப்பி சிதையும்போது அதிலிருக்கிற ஹார்மோன் ரத்தத்தில் கொட்டும், அதுதான் நடுக்கம். பிறகு வற்றிவிடும். நூற்றில் பதினைந்து பேருக்கு வரை இந்தக் கோளாறு வரலாமாம், பெண்களுக்கே அதிகம். புதுசாகக் கண்டுபிடித்ததா? மார்பகப் புற்றுநோய்க்கு இன்டர்ஃபெரான் போட்டவர்களிடம் 1985-லேயே பார்த்து எழுதியிருக்கிறார்கள். ஊசி தொடங்கும் முன் ஒரு டிஎஸ்எச், பிறகு இரண்டு மூன்று மாசத்துக்கு ஒன்று, அவ்வளவுதான் வேண்டியது. சில நூறு ரூபாய்ச் சமாச்சாரம்!

வயிறு எரிவது எதற்குத் தெரியுமா? 1976-ல், எமர்ஜென்சியில், அணு நிலையத்துக்காக எங்கள் ஜனதா காலனியை இடித்துச் சீத்தா கேம்ப்பில் கொண்டுபோய்த் தள்ளினார்கள். சின்னப் பிள்ளையாக அம்மா சேலையைப் பிடித்துக்கொண்டு வந்தேன். அந்த அணு நிலைய மதிலுக்குள்ளே துருவா உலையில்தான் தைராய்டு வைத்தியத்துக்கான அயோடின்-131 உண்டாகிறது. பரேலில் அந்த அணு நிலையத்தார் 1963-ல் தொடங்கிய கதிர்வீச்சு மருத்துவ மையம் தைராய்டுக்கே பேர்போனது. என்னைக் கெடுத்தது அவர்கள் இல்லை, வேறு ஆஸ்பத்திரி. ஆனாலும் நாடு முழுக்கத் தைராய்டுக்கு மருந்து போகிற ஊரில் இருந்துகொண்டு, என் தைராய்டை ஏறெடுத்துப் பார்க்க நாதியில்லையே!

எனக்கு ஊசி போட்ட 2013-ஆம் வருசக் கடைசியில்தான் அமெரிக்காவில் இந்த நோய்க்கான சோஃபோஸ்புவிர் மாத்திரைக்கு அனுமதி கிடைத்தது. 2015-ல் இங்கேயும் வந்தது. 2018-லிருந்து சர்க்காரே இலவசமாகத் தருகிறது. மூன்று மாசம் மாத்திரை போட்டால் பெரும்பாலானவர்களுக்குப் போதும், இன்டர்ஃபெரானே வேண்டாம். அது என் தலையெழுத்து, போகட்டும். டிஎஸ்எச் சோதனை அன்றைக்கும் இருந்ததே!

ஃபைலைத் தூக்கிக்கொண்டு போய்ப் பழைய டாக்டரிடமே கேட்டேன். "ஜான் பச் கயி நா, மௌசி?" என்கிறார். உயிர் பிழைத்ததாம். இனி ஆயுசு முழுக்க, விடிந்ததும் வெறும் வயிற்றில் தைராய்டு மாத்திரை விழுங்கப்போவது நான். ஈரலுக்கும் ரத்த அணுக்களுக்கும் என்று மாசாமாசம் என் கையில் குத்தி உறிஞ்சினீர்களே, அதே ரத்தத்தில் இன்னும் ரெண்டு சொட்டு எடுத்துத் தைராய்டையும் பார்த்திருந்தால் உங்களுக்கு என்னய்யா குறைந்துபோயிருக்கும்?