காலியான டிவி அலைவரிசை வயலுக்கு வரட்டும்!

தோட்டத்து மோட்டாரை செல்போனில் இயக்க ஆசை. அங்கே சிக்னல் இல்லை. ஆனால், டிவி ஒளிபரப்புக்கான 470–590 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் பெரும்பகுதி உங்கள் தலைக்கு மேலே சும்மா கிடக்கிறது. மரங்களை ஊடுருவி, வைஃபையைவிட வெகுதூரம் செல்லும் அலை இது.

இதை உரிமமின்றிப் பயன்படுத்த அமெரிக்கா 2008-லேயே விதி வகுத்தது. அந்த இடத்தில் எந்த சேனல் காலி என்று தரவுத்தளத்தில் கேட்டறிந்த பிறகே கருவி இயங்கும். டிவிக்கு இடையூறு வராது.

மகாராஷ்டிரத்தின் பால்கர் கிராமங்களில் மும்பை ஐஐடி இதைச் சோதித்துக் காட்டியது. ஆனாலும் நம் நாட்டில் பொது அனுமதி இல்லை. உரிமம் தேவைப்படாத 865–868 மெகாஹெர்ட்ஸ், மண் ஈரப்பதம் அறியும் கருவிக்குப் போதும். பயிரின் வீடியோவை அனுப்பப் போதாது.

டிவி அலைவரிசையையும் இதே நிபந்தனையுடன் திறந்துவிடக் கோரி, அடுத்த கிராம சபையில் தீர்மானம் போடுங்கள்.