ரிமோட் யார் கையில்?

டிஸ்கி: எனக்கு கோல்ஃப் ஆடத் தெரியாது. பொத்தேரியில் நாலு பேர் சேர்ந்து ரூம் எடுத்து பி.காம். படிக்கிறவனுக்கு அது எப்படித் தெரியும்? 18 குழி, ஒரு வெள்ளைப் பந்து, அவ்வளவுதான். ஆடத் தெரிந்தவர்கள் பொறுத்துக்கொள்ளவும்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. கூடப் படிக்கும் நண்பனின் பெரியப்பா கோல்ஃப் ஆடுகிறவர். அமெரிக்காவில் இருக்கும் மகன் அவருக்கு ஒரு வண்டி வாங்கிக் கொடுத்திருக்கிறான், "வந்து பாருங்கடா" என்று கூப்பிட்டார். காலை டிபன் அவர் செலவு என்றதும் நானும் கிளம்பிவிட்டேன். விடியற்காலை எலெக்ட்ரிக் ட்ரெயின் பிடித்துப் போனோம். எந்த மைதானம் என்று கேட்காதீர்கள். டிபன் போட்ட மனுஷனுக்கு துரோகம் பண்ண மாட்டேன்.

வண்டி என்றால் உட்கார்ந்து போகிற வண்டி இல்லை. பையை மட்டும் சுமக்கிற தள்ளுவண்டி. முன்னால் ஒரு சின்னச் சக்கரம், பின்னால் இரண்டு பெரிய சக்கரம், இரண்டுக்கும் தனித்தனி மோட்டார், நடுவில் லித்தியம் பேட்டரி. இடது பக்கம் திரும்ப வேண்டுமென்றால் இடது மோட்டார் மெதுவாகும், வலது மோட்டார் வேகமாகும். ஸ்டியரிங்கே கிடையாது. மேட்டில் பின்பக்கமாகக் குடைசாயாமல் இருக்க வாலில் இன்னொரு குட்டிச் சக்கரம். பெரியப்பா பையில் கையை விட்டுக்கொண்டு ரிமோட்டை அமுக்க, அது பாட்டுக்கு முன்னால் போகிறது. வேறு சில மாடல்களில் அமுக்கக்கூட வேண்டாமாம், ப்ளூடூத் வைத்து நாய்க்குட்டி மாதிரி பின்னாலேயே வருமாம்.

சும்மா சொல்லக்கூடாது, உபயோகமான சாமான்தான். ஒரு ஆட்டக்காரர் 14 மட்டை வரைக்கும் வைத்துக்கொள்ளலாம். பந்து, குடை, தண்ணி பாட்டில் எல்லாம் சேர்ந்தால் பை 12, 13 கிலோவுக்குக் குறையாது. 18 குழி முடிக்க எட்டு கிலோமீட்டராவது நடக்க வேண்டும். நம்ம ஊர் வெயிலில்!

இத்தனை நாள் அதைச் சுமந்தவர்தான் கேடி. (தமிழில் "கேடி" என்று எழுதினால் போலீஸ் ஸ்டேஷன் போர்டில் ஃபோட்டோ ஒட்டியிருக்கும் ஆள்தான் ஞாபகம் வருகிறார். என்ன செய்வது, வேறு வார்த்தை கிடைக்கவில்லை. இவர் நல்லவர்.) பெரியப்பாவின் கேடிக்கு ஐம்பத்தைந்து வயசு இருக்கும். அன்றைக்கு அவர் வெறும் கையோடு வண்டி பக்கத்திலேயே நடந்து வந்தார். கல்யாண வீட்டில் பந்தி பரிமாறப் போனவரை "நீங்க உட்காருங்க" என்று சொன்னால் ஒரு முழி முழிப்பார்களே, அந்த முழி.

மூன்றாவது குழியில் பெரியப்பாவுக்கு ஃபோன் வந்தது. பேசுகிற சுவாரஸ்யத்தில் எதையோ அமுக்கிவிட்டார் போல. வண்டி சரிவில் இறங்கி குளத்தைப் பார்த்துப் போக ஆரம்பித்தது. நானும் நண்பனும் "ஐயோ" என்று கத்தியதோடு சரி. ஓடிப்போய்ப் பிடித்தது அந்த ஐம்பத்தைந்து வயசுக்காரர்தான்.

மூச்சு வாங்கிக்கொண்டிருந்தவரிடம் "அண்ணே, இந்த வண்டி வந்தது உங்களுக்கு நல்லதா கெட்டதா?" என்று கேட்டேன்.

"தோளுக்கு நல்லது தம்பி. வயித்துக்குத்தான் என்னான்னு தெரியல."

ஒரு காமர்ஸ் ஸ்டூடண்டுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? திரும்பி வரும்போது ட்ரெயினிலேயே கணக்குப் போட்டேன். இந்த வண்டிகள் அங்கே ஆயிரம் டாலரில் ஆரம்பித்து இரண்டாயிரத்தைத் தாண்டும். நம் காசுக்கு ஒரு 1,20,000 என்று வைப்போம். ஐந்து வருஷம் உழைக்கும், நேர்கோட்டு முறைத் தேய்மானம், வருஷத்துக்கு 24,000. கேடிக்கு ஒரு ஆட்டத்துக்கு 500 ரூபாய் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால் 48 ஆட்டம். அதாவது வாரம் ஒரு தடவை ஆடுகிறவருக்கு கிட்டத்தட்ட சரிசமம். வாரம் இரண்டு தடவை ஆடினால் வண்டிதான் லாபம். அமெரிக்காவில் இந்தக் கணக்கே வேண்டாம். உட்கார்ந்து போகிற வண்டி 1950-களில் பரவ ஆரம்பித்தபோதே சாதாரண கிளப்புகளில் கேடிகள் குறையத் தொடங்கிவிட்டார்கள். அங்கே ரிமோட் வண்டி பெரும்பாலும் ஆட்டக்காரரின் சொந்த முதுகைத்தான் காப்பாற்றுகிறது. இங்கே அது இன்னொருத்தர் கூலிக்குப் போட்டியாக வந்து நிற்கிறது.

ஆனால் என் கணக்கில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. கேடி பையை மட்டுமா தூக்குகிறார்? பந்து எந்தப் புதரில் விழுந்தது என்று பார்ப்பவர் அவர். புல்தரை எந்தப் பக்கம் சாய்கிறது, எந்த மட்டையை எடுக்கலாம் என்று சொல்பவர் அவர். கோல்ஃப் விதிப்படி, தனியாக ஆடுகிறவர் போட்டி நடுவில் ஆலோசனை கேட்கக்கூடிய ஒரே ஆள் தன் கேடிதான். அந்த அறிவுக்கு நாம் தனியாக விலை போடவே இல்லை. சுமைக்குக் கொடுக்கிற கூலியில் இலவச இணைப்பாக வந்துகொண்டிருந்தது. இப்போது சுமையை இயந்திரம் எடுத்துக்கொண்டால், இணைப்பும் சேர்ந்து காணாமல் போகும்.

அந்த அறிவு சாதாரணமானதும் இல்லை. இந்தியன் ஓப்பனை ஜெயித்த முதல் இந்திய ப்ரொஃபஷனல் அலி ஷேர், வருஷம் 1991. டெல்லியில் கேடியாக ஆரம்பித்தவர். 1993-ல் திரும்பவும் ஜெயித்தார். 2009-ல் அதே பட்டத்தை வாங்கிய முனியப்பா பெங்களூரில் கேடியாக இருந்தவர். கோல்ஃப் கிளப் கேட்டுக்குள் ஒரு ஏழை வீட்டுப் பையன் நுழைய இருந்த ஒரே வழி அந்தப் பைதான். அந்த வேலையும் போனால் அவன் எந்த வழியாக உள்ளே வருவான்?

"அதுக்காக மனுஷன் மூட்டை தூக்கிக்கிட்டே இருக்கணுமா?" என்று ரூம்மேட் கேட்டான். நியாயமான கேள்வி. நானும் அதைச் சொல்லவில்லை. 1973-ல் கலைஞர் ஆட்சியில் தமிழ்நாட்டில் கை ரிக்‌ஷாவை ஒழித்தார்கள். மனுஷனை மனுஷன் இழுப்பது அசிங்கம் என்று சொன்னதோடு விட்டிருந்தால், இழுத்தவர் குடும்பம் மறுநாள் பட்டினி. பதிலுக்கு அவர் கையிலேயே சைக்கிள் ரிக்‌ஷாவைக் கொடுத்தார்கள். சக்கரம் மாறியது, ஓட்டுகிறவர் மாறவில்லை.

எதிர்க் கதையும் இருக்கிறது. சக்கரம் வைத்த சூட்கேஸுக்கு அமெரிக்காவில் பேடண்ட் கிடைத்தது 1972-ல். அது மெல்ல மெல்ல நம்ம ஊருக்கு வந்து, தாம்பரத்தில் நாமே கடகடவென்று இழுத்துக்கொண்டு போகிறோம். போர்ட்டர் அண்ணன்களை யார் கேட்டார்கள்? 2008 ரயில்வே பட்ஜெட்டில்தான் அவர்களை கேங்மேன் வேலைக்கு எடுப்பதாக அறிவிப்பு வந்தது. சூட்கேஸ் முந்திக்கொண்டது, அறிவிப்பு பல வருஷம் கழித்து வந்தது.

அதனால் என் கட்சி இதுதான்: வண்டி வரட்டும், ரிமோட்டைக் கேடி கையில் கொடுங்கள். வண்டியைக் கிளப் வாங்கி வைக்கட்டும், உறுப்பினரிடம் வாடகை வசூலிக்கட்டும். ஒரே கேடியை இரண்டு மூன்று ஆட்டக்காரர்கள் பகிர்ந்துகொள்ள விதியிலேயே இடம் இருக்கிறது. தோளில் இரண்டு பை தூக்குவது ஐம்பத்தைந்து வயசில் நடக்காத காரியம். வண்டி இருந்தால் நடக்கும், இரண்டு பேரிடமும் கூலி வாங்கலாம். அப்படியானால் பாதி கேடிகளுக்கு வேலை போகாதா என்று நீங்கள் கேட்பீர்கள். சில பேருக்குப் போகலாம். ஆனால் ஆட்டக்காரரே ரிமோட்டை வைத்துக்கொண்டால் எல்லோருக்குமே போகும்.

இதையெல்லாம் டிபன் சாப்பிடும்போதே பெரியப்பாவிடம் கொஞ்சம் சொல்லிப் பார்த்திருக்கலாம். பொங்கல் நன்றாக இருந்ததால் வாயைத் திறக்கவில்லை :-)

பி.கு: ஒன்பதாவது குழியில் பெரியப்பாவுக்கு மறுபடியும் ஃபோன் வந்தது. பழைய அனுபவத்தால் ரிமோட்டை அண்ணனிடம் நீட்டினார். அடுத்த ஐந்து குழிக்கு வண்டி ஒரு தடவைகூடப் பாதை மாறவில்லை. பதினாலாவது குழியில் பெரியப்பா அதைத் திரும்பி வாங்கிக்கொண்டார்.